பழைய கிளாஸ் லைப்ரரி: மேலெழுதிய மெத்தடுக்குள் தாய் மெத்தடை அழைத்தால் ஒரு சமயம் பிழை, ஒரு சமயம் மௌனம்

அரைப்புள்ளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பராமரித்து வரும் வலைச்செயலியின் படிவப் பகுதி முழுவதும், ஜான் ரெசிக் 2008-இல் வெளியிட்ட சிறிய ஜாவாஸ்கிரிப்ட் மரபுரிமை லைப்ரரியின் மேல் கட்டப்பட்டது; ஒரு கிளாஸின் மெத்தடுகளை (அதன் செயல்களை) இன்னொரு கிளாஸ் பெறுவதே மரபுரிமை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய் கிளாஸின் ‘எக்ஸ்டெண்ட்’ என்னும் ஃபங்ஷனை அழைத்து, அதற்குள் மெத்தடுகள் அடங்கிய ஓர் ஆப்ஜெக்டைக் கொடுத்தால் சேய் கிளாஸ் கிடைக்கும். கன்ஸ்ட்ரக்டரின் வேலையை ‘இனிட்’ என்னும் மெத்தட் செய்யும். மேலெழுதிய (தாயில் உள்ள பெயரிலேயே சேயில் மாற்றி எழுதிய) மெத்தடுக்குள்ளிருந்து தாயின் அதே மெத்தடை அழைக்க ‘திஸ்._சூப்பர்’ என்று எழுதினால் போதும்.

என்னிடம் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. மேலே ‘கட்டுப்பாடு’, அதன் கீழ் ‘உள்ளீட்டுப்பெட்டி’, அதன் கீழ் ‘தேதிப்பெட்டி’. தேதிப்பெட்டியின் ‘சேமி’ மெத்தட் இதுவரை ஒரே மூச்சில் ஓடி முடிந்துகொண்டிருந்தது. இப்போது அந்தத் தேதி ஏற்கத்தக்கதா என்று முதலில் சர்வரிடம் கேட்டு, பதில் வந்த பிறகு திஸ்._சூப்பரை அழைக்கும்படி மாற்றியிருக்கிறேன். சோதித்துப் பார்த்தால் ‘திஸ்._சூப்பர் ஒரு ஃபங்ஷன் அல்ல’ என்னும் டைப் எரர் வருகிறது. அதையாவது புரிந்துகொள்ளலாம். சில சமயங்களில் எந்தப் பிழையும் வராமல், எதுவும் சேமிக்கப்படாமல், எல்லாம் நன்றாக முடிந்ததுபோல் படிவம் மூடிக்கொள்கிறது என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஒரே நிரல் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் என்ன? இந்த லைப்ரரியை வைத்துக்கொண்டே சரிசெய்ய முடியுமா, அல்லது மொழியிலேயே இருக்கும் கிளாஸுக்கு மாறித்தான் ஆக வேண்டுமா?

நெளிவடைப்பு எழுதியது:

பதில் சொல்வதற்கு முன் ஒரு விவரம் வேண்டும். தேதிப்பெட்டியில் சேமியைத் தவிர வேறு எந்த மெத்தடை மேலெழுதியிருக்கிறீர்கள்? அவற்றுள் ஏதேனும் ஒன்று எக்செப்ஷன் (ஓட்டத்தை இடையிலேயே நிறுத்தும் பிழை) எறியக்கூடியதா?

அரைப்புள்ளி எழுதியது:

ஆம், ‘சரிபார்’ என்னும் மெத்தடையும் மேலெழுதியிருக்கிறேன். அது திஸ்._சூப்பர் வழியாக உள்ளீட்டுப்பெட்டியின் சரிபாரை அழைக்கிறது. மதிப்பு தவறாக இருந்தால் அந்தத் தாய் மெத்தட் எக்செப்ஷன் எறியும். படிவம் அதைப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் கீழே சிவப்பு எழுத்தில் செய்தியைக் காட்டும். நீங்கள் கேட்ட பிறகு பதிவுகளைப் பார்த்தேன். சேமிக்காமல் மௌனமாக முடிந்த எல்லா இடங்களிலும், பயனர் முதலில் ஒரு தவறான தேதியை இட்டு, பிறகு அதைத் திருத்தியிருக்கிறார்.

நெளிவடைப்பு எழுதியது:

அப்படியானால் காரணம் உறுதியாகிவிட்டது. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். லைப்ரரியின் உள்ளே நடப்பது தெரிந்துவிட்டால், இந்த வகைப் பிழைகள் அனைத்தும் ஒன்றாகத் தெளிந்துவிடும்.

எக்ஸ்டெண்ட் அழைக்கப்படும்போது, நீங்கள் கொடுத்த ஒவ்வொரு மெத்தடையும் அந்த லைப்ரரி சோதிக்கிறது. தாயிடமும் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் இருந்து, உங்கள் மெத்தடின் மூல எழுத்துகளுக்குள் ‘_சூப்பர்’ என்னும் சொல்லும் இருந்தால், உங்கள் மெத்தடை அப்படியே வைக்காமல் அதன் மேல் ஓர் உறையைச் சுற்றிவிடுகிறது. ஃபங்ஷனைச் சரமாக மாற்றி ரெகுலர் எக்ஸ்பிரஷனால் தேடித்தான் இதைக் கண்டுபிடிக்கிறது. வெளியிலிருந்து மெத்தடை அழைக்கும்போது முதலில் ஓடுவது அந்த உறைதான். அது திஸ்._சூப்பரில் தற்போது இருக்கும் மதிப்பை ஒரு தற்காலிக மாறியில் எடுத்து வைக்கிறது. பிறகு தாயின் மெத்தடை அந்த இடத்தில் வைத்துவிட்டு, நீங்கள் எழுதிய மெத்தடை ஓடவிடுகிறது. அது திரும்பியதும் பழைய மதிப்பை மீண்டும் அதே இடத்தில் வைத்துவிட்டு வெளியேறுகிறது.

ஆகவே திஸ்._சூப்பர் என்பது உங்கள் மெத்தடுக்குச் சொந்தமானது அன்று. அது அந்த ஆப்ஜெக்டின் மேல் இருக்கும் ஒரேயொரு இடம். எல்லா மேலெழுதல்களும் அதையே மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. உங்கள் மெத்தட் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்துக்கு மட்டுமே அதில் உங்களுக்கு உரிய மதிப்பு இருக்கும். சேமி மெத்தட் சர்வருக்குக் கோரிக்கையை அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. அது திரும்பிய கணமே உறை பழைய மதிப்பை வைத்துவிடுகிறது. வழக்கமாக அந்தப் பழைய மதிப்பு ‘அன்டிஃபைண்ட்’ (மதிப்பு எதுவும் இல்லை) என்பதால், பதில் வந்து கால்பேக் (பதில் வந்ததும் ஓடுவதற்காகக் கொடுத்து வைத்த ஃபங்ஷன்) ஓடும்போது டைப் எரர் வருகிறது. ‘அவெயிட்’ என்று எழுதிய இடத்தில் பதிலுக்காகக் காத்திருக்கும் அசிங்க் ஃபங்ஷனாக எழுதினாலும் இதில் மாற்றம் இல்லை. முதல் அவெயிட் வரும் வரை திஸ்._சூப்பர் சரியாக இருக்கும். அதற்குப் பின் இருக்காது.

இனி மௌனத்துக்கு வருவோம். அந்த உறையில் ட்ரை–ஃபைனலி (பிழை வந்தாலும் முடிவில் கட்டாயம் ஓடும் பகுதி) இல்லை. உள்ளே ஓடும் மெத்தட் எக்செப்ஷன் எறிந்தால், பழைய மதிப்பைத் திரும்ப வைக்கும் வரி ஓடாமலே போய்விடும். உங்கள் சரிபார் தவறான தேதிக்கு எக்செப்ஷன் எறிந்தபோது, உள்ளீட்டுப்பெட்டியின் சரிபார் அந்த இடத்திலேயே தங்கிவிட்டது. அதன் பிறகு நடக்கும் ஒவ்வோர் அழைப்பும் அதையே ‘பழைய மதிப்பு’ என்று எடுத்து வைத்து, முடிவில் அதையே திரும்ப வைக்கும் என்பதால் அது தானாக நீங்கவே நீங்காது. பயனர் தேதியைத் திருத்திச் சேமிக்கிறார், சர்வரின் பதில் வருகிறது, கால்பேக் திஸ்._சூப்பரை அழைக்கிறது. அங்கே காத்திருப்பது தாயின் சேமி அன்று, தாயின் சரிபார். தேதி இப்போது சரியாக இருப்பதால் அது எந்த முறையீடும் இல்லாமல் திரும்பிவிடுகிறது. நீங்கள் சேமித்ததாக நினைத்தது உண்மையில் இன்னொரு முறை சரிபார்த்தது மட்டுமே.

உடனடித் தீர்வு எளிது. மேலெழுதிய மெத்தடின் முதல் வரியிலேயே திஸ்._சூப்பரை ஓர் உள் மாறியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கால்பேக்குக்குள் அந்த மாறியை ‘கால்’ கொண்டு, திஸ்ஸைக் கொடுத்து அழையுங்கள். தாய் மெத்தடும் உறையிடப்பட்டதாக இருந்தால் தனக்கு வேண்டியதை அது தானே அமைத்துக்கொள்ளும். அதோடு லைப்ரரியின் உறைக்குள் ட்ரை–ஃபைனலியைச் சேர்த்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ட்ரை–ஃபைனலியை மட்டும் சேர்த்தால் மௌனம் போய்விடும், டைப் எரர் நிலைத்துவிடும்.

வெற்றுச்சரம் எழுதியது:

நெளிவடைப்பு சொன்ன காரணத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதை அந்தக் காலத்து லைப்ரரிகள் எல்லாவற்றின் குறையாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயை எப்படி அழைப்பது என்னும் ஒரே கேள்விக்கு அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விடை கண்டன. எதை எங்கே ஒளித்து வைத்தன என்பதைப் பொறுத்து அவற்றின் பலவீனமும் மாறுகிறது.

ப்ரோட்டோடைப் லைப்ரரி தனது 1.6 பதிப்பில், மேலெழுதிய மெத்தடின் முதல் அளவுருவுக்கு ‘டாலர் சூப்பர்’ என்று பெயரிட்டால், தாயின் மெத்தடை அந்த அளவுருவாகவே கொடுத்தது. அளவுரு என்பதால் அதற்குள் எழுதப்படும் கால்பேக்குகள் எல்லாம் குளோஷர் (வெளி ஃபங்ஷனின் மாறிகளை உள் ஃபங்ஷன் நினைவில் வைத்திருப்பது) வழியாக அதைப் பிடித்துக்கொள்ளும். அரைப்புள்ளி அவர்களின் சேமி மெத்தட் அங்கே எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியிருக்கும். அதன் விலை வேறோர் இடத்தில் இருந்தது. அளவுருவின் பெயரை ஃபங்ஷனின் மூல எழுத்திலிருந்தே படித்ததால், பெயர்களைச் சுருக்கும் மினிஃபையர் அந்தப் பெயரை மாற்றிய உடனே மரபுரிமை அறுந்துவிடும். அந்தப் பெயரைத் தொடாதே என்று மினிஃபையரிடம் தனியாகச் சொல்லி வைக்க வேண்டியிருந்தது.

மூடூல்ஸின் ‘திஸ்.பேரண்ட்’ ரெசிக்கின் வழியைப் போலவே நேரத்தைச் சார்ந்தது. ஆனால் தற்போது எந்த மெத்தட் ஓடுகிறது என்று தெரியாத நிலையில் அழைத்தால், பேரண்டை அழைக்க முடியாது என்று தெளிவான ஒரு பிழையை அது எறியும். டோஜோவின் ‘திஸ்.இன்ஹெரிட்டட்’ ஆர்கியுமென்ட்ஸ் ஆப்ஜெக்டின் ‘காலீ’ பண்பை (தற்போது ஓடும் ஃபங்ஷனைச் சுட்டுவது) பார்த்துத் தன் இடத்தைக் கண்டுபிடித்தது. ஸ்ட்ரிக்ட் மோடில் (மொழியின் கண்டிப்பான ஓட்ட முறையில்) காலீயைத் தொட்டாலே டைப் எரர் என்பதால், பின்னர் அழைக்கும் ஃபங்ஷனையே கையில் கொடுக்கும் வழியையும் அவர்கள் சேர்க்க நேர்ந்தது. பேக்போன் எதையும் ஒளிக்கவில்லை; தாயின் பெயரைச் சொல்லி, அதன் ப்ரோட்டோடைப்பிலிருந்து (இது லைப்ரரியின் பெயர் அன்று, கிளாஸின் மெத்தடுகள் இருக்கும் ஆப்ஜெக்ட்) மெத்தடை எடுத்து, நீங்களே ‘அப்ளை’ செய்ய வேண்டும். எழுதக் கை வலிக்கும். ஆயினும் எந்தச் சூழ்நிலையிலும் அது தவறான மெத்தடை அழைத்ததில்லை. என்னைக் கேட்டால், அந்தத் தலைமுறையில் அதுவே நேர்மையான வழி.

உள்தள்ளல் எழுதியது:

வெற்றுச்சரம் கொடுத்த ஒப்பீடு பயனுள்ளது. ஆனால் அரைப்புள்ளியின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. என் விடை: மாறுங்கள். இந்த லைப்ரரிகள் எல்லாம் மொழியில் இல்லாத ஒன்றை ஈடுகட்டவே பிறந்தன. 1995-இல் ப்ரெண்டன் ஐக் இந்த மொழியை உருவாக்கியபோது ப்ரோட்டோடைப் சங்கிலியைக் கொடுத்தாரே தவிர, மேலெழுதிய மெத்தடிலிருந்து தாயைச் சுட்டுவதற்கு ஒரு சொல்லைக் கொடுக்கவில்லை. கிளாஸ்களைக் கொண்டுவரவிருந்த நான்காம் பதிப்பு 2008-இல் கைவிடப்பட்டது. 2009-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆப்ஜெக்ட்.கிரியேட்டோடு நின்றுகொண்டது. 2015-இன் ஆறாம் பதிப்பில்தான் கிளாஸும் எக்ஸ்டெண்ட்ஸும் சூப்பரும் மொழிக்குள் வந்தன.

அந்த சூப்பர் எப்படி வேலை செய்கிறது என்பதே மாறச் சொல்வதற்குக் காரணம். கிளாஸுக்குள் எழுதப்படும் ஒவ்வொரு மெத்தடுக்கும், அது எந்த ஆப்ஜெக்டில் வரையறுக்கப்பட்டது என்பதை ‘ஹோம் ஆப்ஜெக்ட்’ என்னும் உள் இடத்தில் எஞ்சின் குறித்து வைக்கிறது. சூப்பர்.சேமி என்று எழுதினால், அந்த ஹோம் ஆப்ஜெக்டின் ப்ரோட்டோடைப்பில் சேமியைத் தேடி, தற்போதைய திஸ்ஸோடு அழைக்கிறது. எப்போது அழைக்கிறீர்கள், இடையில் யார் எக்செப்ஷன் எறிந்தார்கள் என்பவற்றுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அவெயிட்டுக்குப் பின்னும் அது சரியாக ஓடும். மெத்தடுக்குள் இருக்கும் ஏரோ ஃபங்ஷனிலும் (அம்புக்குறி கொண்டு எழுதும் சுருக்க ஃபங்ஷன்) ஓடும். உள்ளே சாதாரண ஃபங்ஷனை எழுதி அதில் சூப்பரைப் பயன்படுத்தினால், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே தொடரியல் பிழை வந்துவிடும். தவறு இவ்வளவு முன்னதாகத் தெரிவது, உங்கள் மௌனச் சேமிப்போடு ஒப்பிட்டால், எவ்வளவு பெரிய நிம்மதி என்று எண்ணிப் பாருங்கள்.

வெற்றுச்சரம் எழுதியது:

யாரும் தொடாத நிரலை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ட்ரை–ஃபைனலி சேர்த்த பிறகு அந்த லைப்ரரி இன்னும் பல காலம் ஓடும்.

உள்தள்ளல் எழுதியது:

தொடாத வரை ஓடும் என்பது உண்மை. ஆனால் அரைப்புள்ளி அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இந்த இழையே எழுந்தது. மேலும், அந்தக் கோப்பை ஒரு மாட்யூலுக்குள் (மொழியே தரும் தனிக் கோப்பு அமைப்புக்குள்) கொண்டுவந்த அன்றே அது நின்றுவிடும். மாட்யூல்கள் எப்போதும் ஸ்ட்ரிக்ட் மோடில் ஓடுகின்றன. ரெசிக்கின் மூல நிரல் புதிய கிளாஸுக்கு எக்ஸ்டெண்டைக் கொடுக்க ஆர்கியுமென்ட்ஸின் காலீயையே பயன்படுத்துகிறது. கோப்பு முழுவதையும் சுற்றி உடனே ஓடும் ஒரு ஃபங்ஷனுக்குள் திஸ்ஸின் மேல் கிளாஸை வைக்கிறது. மாட்யூலில் அந்தத் திஸ் அன்டிஃபைண்ட்.

அரைப்புள்ளி எழுதியது:

மூவருக்கும் நன்றி. முதல் வரியில் உள் மாறியில் வாங்கி வைக்கும் முறையைச் செய்துவிட்டேன், உறைக்குள் ட்ரை–ஃபைனலியையும் சேர்த்துவிட்டேன். தவறான தேதிக்குப் பின் திருத்திய தேதி இப்போது முறையாகச் சேமிக்கப்படுகிறது. மாறுவதென்றும் முடிவு செய்திருக்கிறேன். ஆனால் இருக்கும் கிளாஸ்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் மாற்ற எனக்கு அனுமதி கிடைக்காது. பழையதும் புதியதும் சில காலம் ஒரே சங்கிலியில் சேர்ந்து இருந்தாக வேண்டும். வேரான ‘கட்டுப்பாடு’ கிளாஸிலிருந்து தொடங்கிக் கீழே வருவதுதான் முறை என்று தோன்றுகிறது. சரிதானா?

நெளிவடைப்பு எழுதியது:

வேரிலிருந்து வேண்டாம். இலையிலிருந்து தொடங்குங்கள், அதாவது தனக்குக் கீழே வேறு கிளாஸ் இல்லாதவற்றை முதலில் மாற்றுங்கள். புதிய கிளாஸ் பழையதை எக்ஸ்டெண்ட் செய்தால் எல்லாம் ஓடும். பழைய முறையால் புதிய கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்தால் ஓடாது.

முதல் திசையைப் பாருங்கள். தேதிப்பெட்டியை மொழியின் கிளாஸாக எழுதி, பழைய உள்ளீட்டுப்பெட்டியை எக்ஸ்டெண்ட் செய்கிறீர்கள். கன்ஸ்ட்ரக்டர் எழுதாமல் விட்டால் மொழியே ஒன்றை அமைத்து சூப்பரை அழைக்கும். அது லைப்ரரி செய்து வைத்த ஃபங்ஷனை ‘நியூ’வோடு அழைப்பதற்குச் சமம். அந்த ஃபங்ஷன் திஸ்.இனிட்டை அழைக்கும். திஸ்ஸின் ப்ரோட்டோடைப் தேதிப்பெட்டியுடையது என்பதால் உங்கள் புதிய இனிட்டே ஓடும். அதற்குள் சூப்பர்.இனிட் என்று எழுதினால் தாயின் உறையிடப்பட்ட இனிட் வழக்கம்போல் ஓடும். திஸ்._சூப்பர் இருந்த ஒவ்வோர் இடத்திலும் சூப்பர், புள்ளி, அதே மெத்தடின் பெயர். இவ்வளவுதான் மாற்றம்.

இனி எதிர்த் திசை. எக்ஸ்டெண்ட் தன் சேய்க்கு ப்ரோட்டோடைப் வேண்டும் என்பதற்காகத் தாயை ஒரு முறை நியூ செய்கிறது. அந்த நேரத்தில் இனிட் ஓடாமல் இருக்க ஒரு கொடியை உயர்த்தி வைக்கிறது. பழைய தாய் அந்தக் கொடியைப் பார்த்து விலகிக்கொள்ளும். புதிய கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள் நீங்கள் எழுதியவையும், கிளாஸ் ஃபீல்டுகளும் (கிளாஸுக்குள் நேரடியாக எழுதும் பண்புகள்) அந்தக் கொடியை அறியாதவை. அவை அந்த ஒரு முறை ஓடிவிடும். அதன் பிறகு சேயின் இன்ஸ்டன்ஸ்களை (கிளாஸிலிருந்து பிறக்கும் ஆப்ஜெக்டுகளை) உருவாக்கும்போது லைப்ரரி இனிட்டை மட்டுமே அழைக்கும், தாயின் கன்ஸ்ட்ரக்டரை அழைக்காது. விளைவு: தாயில் ஃபீல்டாக எழுதிய பட்டியல் ப்ரோட்டோடைப்பின் மேல் ஒரேயொரு பிரதியாக அமர்ந்து, எல்லா இன்ஸ்டன்ஸ்களும் அதையே பகிர்ந்துகொள்ளும். ஒரு பெட்டியின் பிழைச்செய்தி இன்னொரு பெட்டியில் தோன்றும். எங்கிருந்து வந்தது என்று தேடினாலும் எளிதில் அகப்படாது. பேக்போன் போல, தாயை அப்ளை செய்யும் லைப்ரரிகளில் இந்தக் குழப்பம்கூட இல்லை. கிளாஸ் கன்ஸ்ட்ரக்டரை நியூ இல்லாமல் அழைக்க முடியாது என்னும் டைப் எரரோடு அங்கேயே நின்றுவிடும்.

இலையிலிருந்து தொடங்கும்போதும் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: வேர் மாறும் வரை எந்தக் கிளாஸிலும் ஃபீல்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். சேயின் ஃபீல்டுகள் சூப்பர் திரும்பிய பிறகே இன்ஸ்டன்ஸில் வைக்கப்படுகின்றன. உங்கள் சங்கிலியில் இனிட் ஓடுவதோ அந்த சூப்பருக்கு உள்ளே. இனிட் கவனமாக நிரப்பிய ‘மதிப்புகள்’ பட்டியலை, அடுத்த கணமே ஃபீல்டில் எழுதிய வெற்றுப் பட்டியல் அழித்துவிடும். தொடக்க மதிப்பே கொடுக்காமல் பெயரை மட்டும் எழுதினாலும் அன்டிஃபைண்ட் வந்து உட்காரும். எல்லாத் தொடக்க மதிப்புகளையும் இனிட்டுக்குள்ளேயே, சூப்பர்.இனிட்டுக்குப் பிறகு வையுங்கள்.

வெற்றுச்சரம் எழுதியது:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இடைக்காலத்துக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்கிறேன்.

இன்னும் மாற்றாத பழைய கிளாஸில், எக்ஸ்டெண்டுக்குக் கொடுக்கும் ஆப்ஜெக்டுக்குள் புதிய சுருக்க வடிவில் மெத்தடை எழுதி, அதற்குள் சூப்பர்.சேமி என்று எழுதினால் தொடரியல் அதை அனுமதிக்கும், ஆனால் ஓடாது. உள்தள்ளல் சொன்ன ஹோம் ஆப்ஜெக்ட் அங்கே நீங்கள் கையால் எழுதிய அந்தத் தற்காலிக ஆப்ஜெக்ட்தான். அதன் ப்ரோட்டோடைப் மொழியின் பொதுவான ஆப்ஜெக்ட். அங்கே சேமி கிடையாது. லைப்ரரி அந்த மெத்தடைச் சேயின் ப்ரோட்டோடைப்புக்கு நகலெடுத்துச் சென்றாலும் அதன் ஹோம் ஆப்ஜெக்ட் மாறாது. ஆகவே பழைய கிளாஸில் _சூப்பர், புதிய கிளாஸில் சூப்பர். இரண்டும் இடம் மாறக் கூடாது.

மற்றொன்று, லைப்ரரி வைக்கும் மெத்தடுகள் ஃபார்–இன் சுற்றில் (ஆப்ஜெக்டின் பண்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சுற்று) தெரியும். கிளாஸின் மெத்தடுகள் தெரியாது. உங்கள் செயலியில் எங்கேனும் ஃபார்–இன் கொண்டு மெத்தடுகளை நகலெடுக்கும் மிக்ஸின் (ஒரே திறனைப் பல கிளாஸ்களுக்குக் கலந்து தருவது) உதவிக் கோப்பு இருந்தால், மாற்றிய கிளாஸ்களை அது எந்தப் பிழையும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும்.

அரைப்புள்ளி எழுதியது:

அப்படி ஒரு கோப்பு இருக்கிறது. ‘இழுத்து நகர்த்தும்’ திறனைப் பல பெட்டிகளுக்குக் கொடுக்க அதைத்தான் பயன்படுத்துகிறோம். அந்த மிக்ஸின் சில மெத்தடுகளை மேலெழுதவும் செய்கிறது.

உள்தள்ளல் எழுதியது:

அதை நகலெடுக்கும் வழியிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். அடிப்படைக் கிளாஸை அளவுருவாக வாங்கி, அதை எக்ஸ்டெண்ட் செய்யும் ஒரு புதிய கிளாஸைத் திருப்பித் தரும் ஃபங்ஷனாக மிக்ஸினை எழுதுங்கள். தேதிப்பெட்டி, ‘இழுக்கத்தக்க’ என்னும் அந்த ஃபங்ஷனுக்கு உள்ளீட்டுப்பெட்டியைக் கொடுத்துக் கிடைக்கும் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்யும். மிக்ஸின் சங்கிலியில் ஓர் உண்மையான கணுவாக நிற்பதால், அதற்குள் எழுதும் சூப்பர் தனக்கு மேலே இருப்பதைச் சரியாகக் கண்டுபிடிக்கும். மேலே இருப்பது பழைய லைப்ரரியின் கிளாஸாக இருந்தாலும் இது ஓடும் என்பதால், இதற்காக நீங்கள் வேர் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கூடவே இன்னொன்று: நிகழ்வுகளுக்குக் கொடுக்க வசதியாக இருக்கிறதே என்று மெத்தடுகளை ஏரோ ஃபங்ஷன் ஃபீல்டுகளாக எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மேலெழுதப்பட வேண்டிய எதையும் அப்படி எழுதாதீர்கள். அது ப்ரோட்டோடைப்பில் இருக்காது, ஒவ்வோர் இன்ஸ்டன்ஸின் மேலும் இருக்கும். சேயிலிருந்து சூப்பர் வழியாக அதை எட்ட முடியாது. சேய் அதே பெயரில் சாதாரண மெத்தடை எழுதினாலும், தாயின் ஃபீல்ட் இன்ஸ்டன்ஸின் மேல் அமர்ந்து அதை மறைத்துவிடும்.

அரைப்புள்ளி எழுதியது:

தேதிப்பெட்டியை மாற்றி முடித்துவிட்டேன். சேமி இப்போது அசிங்க் மெத்தட். அவெயிட்டுக்குப் பின் சூப்பர்.சேமி, உள் மாறி எதுவும் தேவைப்படவில்லை. தவறான தேதி, திருத்திய தேதி, சேமிப்பு என்னும் வரிசையை ஒரு சோதனையாக எழுதி, லைப்ரரியின் பழைய உறையோடும் ஓட்டிப் பார்த்தேன். நெளிவடைப்பு சொன்னபடியே அங்கே சரிபார் இரண்டாம் முறை ஓடியது, புதிய கிளாஸில் சேமி ஓடியது. அடுத்து மிக்ஸினை ஃபங்ஷனாக மாற்றப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: மாற்றும்போது தாயின் மெத்தட் பெயர் எங்கேனும் தவறாகிவிட்டால், மேலெழுதுவதாக நினைத்துப் புதிய மெத்தடை உருவாக்கிவிடுவேனே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நெளிவடைப்பு எழுதியது:

ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு மொழியளவில் காவல் இல்லை. ஜாவாஸ்கிரிப்டோடு வகைகளைச் சேர்த்த மொழியான டைப்ஸ்கிரிப்டின் 4.3 பதிப்பில் ‘ஓவர்ரைடு’ என்னும் சொல் வந்தது. மெத்தடின் முன் அதை இட்டு, தாயிடம் அந்தப் பெயர் இல்லையென்றால் தொகுக்கும்போதே பிழை காட்டும். ‘நோ இம்ப்ளிசிட் ஓவர்ரைடு’ என்னும் அமைப்பையும் இயக்கினால், சொல்லை இடாமல் மேலெழுதுவதையும் பிடிக்கும். டைப்ஸ்கிரிப்டுக்குப் போக முடியாதென்றால், ஒவ்வொரு கிளாஸையும் மாற்றும் முன் அதன் ப்ரோட்டோடைப்பில் இருக்கும் மெத்தட் பெயர்களைச் சேகரித்து வைத்து, மாற்றிய பின் கிடைக்கும் பெயர்களோடு ஒப்பிடும் சோதனை ஒன்றை எழுதுங்கள். பெயர்களைச் சேகரிக்க ஃபார்–இன் வேண்டாம், ஆப்ஜெக்ட்.கெட்ஓன்ப்ராப்பர்ட்டிநேம்ஸ் இரு வகைக் கிளாஸிலும் மெத்தடுகளைக் காட்டும். ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்னும் பெயரை மட்டும் ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள்.